பழைய டர்போ காரில் சிலிண்டர் ஹெட் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள், ஹெட்டை இறக்க வேண்டிய நிலை வந்ததும், ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்த பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட்டும் ஒரே ஒரு டர்போவும் உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல், டீசல் எஞ்சின்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இங்கே தரப்படும் அளவுகள் பொதுவானவை. உங்கள் எஞ்சினுக்குரிய கையேடு வேறு அளவைச் சொன்னால், கையேடு சொல்வதே சரி.

ஹெட் என்பது எஞ்சினுக்கு ஒரு மூடிதானே? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

மூடி என்பது பாதி உண்மை. காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, அவற்றைத் திறந்து மூடும் வால்வுகள், வால்வுகளை அழுத்தும் கேம்ஷாஃப்ட், ஸ்பார்க் பிளக்கோ இன்ஜெக்டரோ உட்காரும் துளைகள், இவற்றைச் சுற்றி ஓடும் கூலன்ட் வழிகள், ஆயில் வழிகள் எல்லாம் அந்த ஒரே வார்ப்பில்தான் இருக்கின்றன. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட், எரிப்பறையின் அழுத்தமும் கூலன்டும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காக்கிறது. கூலன்ட் குறைவது, வெள்ளைப் புகை, ஆயில் வெளுப்பது, இழுவை குறைவது ஆகிய அறிகுறிகள் எல்லாமே இந்த மூன்றில் எது எதனோடு கலந்தது என்பதையே காட்டுகின்றன.

டர்போ இருந்தால் ஹெட்டுக்குக் கூடுதல் கேடா?

ஆம், இரண்டு வகையில். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், அதே சிலிண்டருக்குள் அதிக எரிபொருள் எரிகிறது. எரிப்பறை அழுத்தம் ஹெட்டைப் பிளாக்கிலிருந்து தூக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்திருப்பவை போல்ட்டுகள் மட்டுமே. இரண்டாவது சூடு. முழுச் சுமையில் ஓடும் பெட்ரோல் டர்போ எஞ்சினின் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. அந்தச் சூட்டில் செக்கச்சிவந்து நிற்கும் டர்போவும், புகையைத் திரட்டி அதற்கு அனுப்பும் மேனிஃபோல்டும் ஹெட்டின் ஒரு பக்கத்தில்தான் தொங்குகின்றன.

இத்துடன் உலோகங்களுக்கு இடையிலான பிணக்கும் சேர்ந்துகொள்கிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 400 மி.மீ. நீளமுள்ள ஹெட் 80 டிகிரி சூடேறினால் 0.7 மி.மீ. அளவுக்கு நீளும், அதன் கீழே இருக்கும் இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் கேஸ்கெட் இந்த இழுபறியைத் தாங்குகிறது. இருபது வருடம் தாங்கியதை எண்ணித்தான் வியக்க வேண்டும்.

கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது. மெக்கானிக் ஹெட் போய்விட்டது என்கிறார். நம்பலாமா?

நம்புவதற்கு முன் மூன்று போலிகளை விலக்க வேண்டும். பல டர்போக்களின் நடு உடலில் கூலன்ட் ஓடுகிறது. அந்த உடலில் விரிசல் விழுந்தால் கூலன்ட் நேராகப் புகைக்குழாய்க்குப் போய் வெள்ளைப் புகையாக வரும். டீசல் கார்களில் புகையை மறுசுழற்சிக்கு முன் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் உட்புறமாக ஒழுகினாலும் இதே காட்சிதான். ஆயிலையும் கூலன்டையும் அருகருகே ஓடவிடும் ஆயில் கூலர் பழுதானால் இரண்டும் கலந்துவிடும். இந்த மூன்றில் எது பழுதாக இருந்தாலும், ஹெட்டை இறக்கினால் செலவுதான் மிஞ்சும்.

ஹெட் கேஸ்கெட்டின் மேல் சந்தேகத்தை உறுதிப்படுத்தும் சோதனைகள் சில உண்டு. இரவெல்லாம் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, கூலன்ட் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது நீராவியின் அழுத்தம் அல்ல. எரிப்பறை வாயுவின் அழுத்தம். கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறச் சோதனைத் திரவம் மஞ்சளாக மாறினால், கூலன்டில் புகைவாயு இருக்கிறது என்று பொருள். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இவற்றோடு லீக்டவுன் சோதனையும் செய்யலாம்: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றடித்து, கூலன்ட் தொட்டியில் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. எந்தச் சிலிண்டர் என்பதையும் இது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், என் தேர்வு எப்போதும் இதுதான்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பாலாடை போலப் படிந்திருக்கிறது. இது உறுதியான அடையாளம்தானே?

இல்லை. குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் எஞ்சினில், உள்ளே குளிர்ந்த ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் மட்டும் இப்படிப் படிவது உண்டு. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தாலோ அளவு ஏறியிருந்தாலோ கூலன்ட் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. அப்போது எஞ்சினை ஓட்டவே கூடாது, ஏனெனில் கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளை வெகு விரைவில் அரித்துவிடும்.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாதா? ஹெட்டையே ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

பல நேரங்களில் கேஸ்கெட் போதும். ஹெட்டில் விரிசல் ஊடுருவியிருந்தாலோ, அடிப்பரப்பைச் சீவிச் சரிசெய்ய முடியாத அளவுக்குப் பெண்டு எடுத்து வளைந்திருந்தாலோ, ஏற்கெனவே சீவிச் சீவிக் குறைந்தபட்ச உயரத்துக்கு வந்துவிட்டிருந்தாலோ, வால்வு மூடும்போது அமரும் வளையமான வால்வு சீட் கழன்றிருந்தாலோ, கூலன்ட் துளைகளின் ஓரம் அரித்துப் பள்ளமாகிக் கேஸ்கெட்டின் வளையத்தைத் தொட்டிருந்தாலோதான் ஹெட்டை மாற்ற வேண்டும். இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு: கடுமையாகக் கொதித்த அலுமினியம் தன் கடினத்தை இழந்துவிடும். அப்படி மென்மையான ஹெட்டை எவ்வளவு நேராகச் சீவினாலும், போல்ட்டின் இறுக்கத்தில் அது மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். கொதித்த வரலாறு உள்ள ஹெட்டுக்குக் கடினச் சோதனை செய்யும்படி பட்டறையில் கேட்பதில் தவறில்லை.

பெண்டு பார்ப்பதற்கு நல்ல ஸ்ட்ரெயிட் எட்ஜும் (நேரான உலோகக் கோல்) ஃபீலர் கேஜும் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) போதும். நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு கோடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ. தகடு நுழையவில்லை என்றால் நிம்மதி, 0.10 மி.மீ. நுழைந்தால் பெரும்பாலான கையேடுகள் சீவவோ மாற்றவோ சொல்லும். நான் அளந்த ஒரு ஹெட்டில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தகடு எங்கும் நுழையவில்லை. மூலைக்கு மூலை வைத்தபோது, இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 0.15 தகடு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான்கு கோடுகளோடு நிறுத்தியிருந்தால் அந்த ஹெட் நல்லது என்று சொல்லியிருப்பேன்.

பெண்டான ஹெட்டை ஃபேஸிங் செய்து, அதாவது அடிப்பரப்பைச் சீவிப் போட்டால் போயிற்று என்கிறார்களே?

ஓரளவு வரை சரி. ஆனால் டர்போ எஞ்சினில் சீவும் ஒவ்வொரு துளியும் கம்ப்ரஷன் விகிதத்தை ஏற்றும் (பிஸ்டன் அடியில் நிற்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே அது). 500 கன செ.மீ. கொள்ளளவும் 86 மி.மீ. துளையும் உள்ள ஒரு சிலிண்டரின் விகிதம் 8.5 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 66.7 கன செ.மீ. எரிப்பறை துளையளவு அகலமானது என்று வைத்துக்கொண்டு 0.25 மி.மீ. சீவினால், 1.45 கன செ.மீ. குறைந்து விகிதம் 8.67 ஆகிவிடும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறும் எஞ்சினில், குறிப்பாக எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை உணரும் நாக் சென்சார் இல்லாத பழைய பெட்ரோல் கார்களில், முன்பு இருந்த பாதுகாப்பு இடைவெளியை இது சுரண்டுகிறது. சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில், எஞ்சின் தட்டும் ஓசையை உணர்ந்து பூஸ்டைத் தானாகக் குறைக்கும் ஏ.பி.சி. அமைப்பைக் கொண்டுவந்தது, அந்த வகை ஏற்பாடு உள்ள கார்கள் இந்த மாற்றத்தை ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

இன்னொன்றைப் பட்டறைகளே மறந்துவிடுவது உண்டு. ஹெட் வளையும்போது அடிப்பரப்பு மட்டும் வளைவதில்லை. மேலே கேம்ஷாஃப்ட் உட்காரும் வரிசையும் சேர்ந்து வளைகிறது. அடியை மட்டும் சீவினால் கீழ்ப்பரப்பு நேராகும், கேம் வரிசை வளைந்தபடியே இருக்கும். வால்வுகள் இல்லாத ஹெட்டில் கேம்ஷாஃப்டை வைத்து, மூடிகளை இறுக்கி, விரலால் சுழற்றிப் பாருங்கள். தயங்கித் தயங்கிச் சுழன்றால் அந்த ஹெட் முதலில் நிமிர்த்தப்பட வேண்டும் அல்லது மாற்றப்பட வேண்டும். டீசல் ஹெட்டுகளில் சிலவற்றைச் சீவவே கூடாது என்று தயாரிப்பாளரே விதித்திருப்பார். சீவக் கொடுக்கும் முன் கையேட்டைப் பாருங்கள்.

வால்வுகளுக்கு நடுவே முடி போன்ற கோடு தெரிகிறது. இந்த ஹெட் குப்பைக்குத்தானா?

அவசரப்பட வேண்டாம். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே மேலோட்டமாக விழும் மெல்லிய விரிசலைச் சில டீசல் எஞ்சின்களின் கையேடுகள், குறிப்பிட்ட அகலம் வரை, ஏற்றுக்கொள்கின்றன. கூலன்ட் வழியை எட்டியிருக்கிறதா என்பதே கேள்வி; அதற்கு அழுத்தச் சோதனைதான் விடை. ஹெட்டின் துளைகளை அடைத்து, வெந்நீரில் மூழ்கடித்து, கூலன்ட் வழியில் காற்றடிப்பார்கள். குளிர்ந்த நீரில் மூடியிருக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும் என்பதால், வெந்நீரில் செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய ஹெட், புதுப்பித்த ஹெட், பழைய காரிலிருந்து கழற்றிய ஹெட்: எதை வாங்குவது?

பழைய கார்களுக்குப் புதிய ஹெட் கிடைப்பதே அரிது; கிடைத்தாலும் அது வெறும் வார்ப்பாக வருகிறதா, வால்வுகளும் கேமும் பூட்டி வருகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். வெறும் வார்ப்பு என்றால் பழைய வால்வுகளைப் புதிய சீட்டில் அரைத்துப் பொருத்தி, வால்வுத் தண்டு நகரும் குழல்களான கைடுகளின் ஆட்டத்தைப் பார்த்து, வால்வு சீல்களைப் புதிதாகப் போட்டு, வால்வு இடைவெளியையும் அமைக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

என் சாய்வு, நம்பகமான பட்டறையில் புதுப்பித்த ஹெட்டின் பக்கம். அழுத்தச் சோதனை செய்த தேதி, சீவிய பின் அளந்த உயரம், கைடுகள் மாற்றப்பட்டனவா என்ற மூன்றையும் எழுத்தில் தருகிறவர்களிடம் வாங்குங்கள். கழற்றிய ஹெட்டை வாங்கினால், அந்த வண்டி ஏன் நின்றது என்று கேளுங்கள். பின்னால் இடிபட்டு நின்ற வண்டியின் ஹெட் நல்லதாக இருக்கலாம். ‘எஞ்சின் நின்றுவிட்டது’ என்ற வண்டியின் ஹெட், நீங்கள் கழற்றிப்போட்டதன் உடன்பிறப்பாகவே இருக்கும்.

டர்போ இல்லாத அதே எஞ்சினின் ஹெட் எளிதாகக் கிடைக்கிறது. போல்ட் துளைகள் அப்படியே பொருந்துகின்றன. போடலாமா?

துளைகள் பொருந்துவது மட்டும் போதாது. டர்போ ஹெட்டில் புகை வால்வுகள் வேறு உலோகத்தில் இருக்கலாம். சிலவற்றில் வால்வுத் தண்டு உள்ளீடற்றதாக இருந்து, சூட்டைக் கடத்துவதற்காக அதற்குள் சோடியம் அடைக்கப்பட்டிருக்கும். வால்வு சீட்டின் உலோகம், எரிப்பறையின் கொள்ளளவு, டர்போவுக்கான ஆயில் அல்லது கூலன்ட் இணைப்புத் துளைகள் ஆகியவையும் மாறலாம். எரிப்பறை சிறியதாக இருந்தால், முன்பு ஃபேஸிங் பற்றிச் சொன்ன கம்ப்ரஷன் சிக்கல் பல மடங்காக வரும்.

வார்ப்பின் மேல் புடைத்திருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். எண் ஒன்றாகவே இருந்தாலும் வால்வுகளை உருவி ஒப்பிட்ட பிறகே முடிவு செய்யுங்கள். ஒரே வார்ப்பில் இரண்டு வகை வால்வுகளைப் பூட்டி விற்ற எஞ்சின்களும் உண்டு. சோடியம் வால்வுகளை அறுக்கவோ, பழைய இரும்போடு எறியவோ கூடாது. உள்ளே இருக்கும் சோடியம் தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும்.

கழற்றும்போது என்ன தவறு நடக்கும்? இறுக்குவதில்தானே கவனம் வேண்டும்?

கழற்றுவதிலும் ஹெட்டைக் கெடுக்க முடியும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கி, அதாவது இறுக்கும் வரிசைக்கு எதிர் வரிசையில், சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாக முழுவதும் கழற்றினால் நேராக இருந்த ஹெட்டும் வளையும்.

மேனிஃபோல்ட் நட்டுகள்தான் இந்த வேலையின் மெய்யான வில்லன்கள். ஆயிரம் முறை சிவந்து ஆறிய ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்) துருவும் நட்டுமாக ஒட்டிப்போயிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் நட்டைச் சூடாக்கி, முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்து, பிறகு தளர்த்துங்கள். பலம் காட்டினால் ஸ்டட் ஹெட்டுக்குள் முறியும். முறிந்துவிட்டால், மீதமிருக்கும் முனையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து சுழற்றி எடுப்பது, துளையிட்டுத் தேடுவதைவிட நல்ல வழி. வெல்டிங்கின் சூடே பாதிப் பிடியைத் தளர்த்திவிடுகிறது.

திறந்த ஒவ்வொரு வாயையும் துணியால் அடைத்து, எத்தனை துணி என்று எழுதி வையுங்கள். காற்றுக்குழாய்க்குள் மறந்துபோன ஒரு துணித் துண்டு போதும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று காற்றை அழுத்தும் டர்போவின் கம்ப்ரசர் சக்கரம் அதன் முன் நிற்காது. இங்கே ஞாபகத்தை நம்பாமல் எண்ணிக்கையை நம்புங்கள்.

டர்போவைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா, ஹெட்டோடு சேர்த்துத் தூக்கலாமா?

இடமும் துணைக்கு ஆளும் இருந்தால் சேர்த்துத் தூக்கி, மேசையில் வைத்துப் பிரிப்பது எளிது. அப்போதும் டர்போவின் ஆயில் வரும் குழாய், ஆயில் திரும்பும் குழாய், கூலன்ட் குழாய்கள் எல்லாம் முதலில் விடுபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும் வேகத்தில் குழாய் நெளியும். இணைப்புகளில் இருக்கும் செம்பு வாஷர்களைத் திரும்பப் போடாமல் புதியவை வாங்குங்கள்.

ஆயில் வரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஊடுருவிப் பாருங்கள். பழைய கார்களில் அதன் உட்சுவரில் கரி படிந்து வழி குறுகியிருக்கும்; ஹெட்டுக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு அடைத்த குழாயைத் திரும்பப் பூட்டினால் அடுத்து டர்போவுக்குச் செலவழிக்க வேண்டிவரும். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்ப்பதற்கும் இதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

பிளாக்கின் மேற்பரப்பை ட்ரில்லில் மாட்டும் உராய்வு வட்டால் பளபளப்பாக்கிவிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது?

கண்ணுக்கு நன்றாக இருக்கும். அந்த வட்டிலிருந்து உதிரும் அரப்பொடி ஆயில் வழிகளில் இறங்கினால், வடிகட்டியைச் சென்றடையும் முன்பே பேரிங்குகளில் பதிந்துவிடும். மேலும், இதே வட்டை ஹெட்டில் வைத்தால், ஒரே இடத்தில் சில நொடி நின்றாலும் அலுமினியப் பரப்பில் கையால் உணர முடியாத குழி விழும். பல அடுக்கு எஃகுத் தகடால் ஆன கேஸ்கெட்டுக்கு அந்தக் குழியே போதும் ஒழுகுவதற்கு. அந்த வகைக்கு, பழைய கூட்டுப்பொருள் கேஸ்கெட்டுக்குத் தேவையானதைவிட மிக வழவழப்பான பரப்பு வேண்டும்.

கேஸ்கெட் கரைக்கும் திரவமும் பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். இந்த வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வட்டைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்றால், எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, ஆயில் வழிகளைக் கழுவி, ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

பழைய ஹெட் போல்ட்டுகளையே போடலாமா? பார்க்கப் புதிதுபோல் இருக்கின்றன.

டார்க்கோடு (சுழற்றும் விசையின் அளவு) சேர்த்து டிகிரிக் கணக்கிலும் இறுக்கச் சொல்லும் போல்ட்டுகள் பெரும்பாலும் நீண்டு இறுகும் வகையைச் சேர்ந்தவை. அவை இறுகும்போதே நிரந்தரமாகச் சற்று நீண்டுவிடும் என்பதால், கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. சில கையேடுகள் அதிகபட்ச நீளத்தைச் சொல்லி, அதற்குள் இருந்தால் அனுமதிக்கும். சந்தேகம் என்றால் புதிது.

போல்ட் இறங்கும் துளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்கிறேன். அடிமூடிய துளைக்குள் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை அழுத்தும்; திரவம் அமுங்காது, பிளாக் வெடிக்கும். காற்றடித்து, நீளமான துணித்திரியால் துடைத்து, உலர்ந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். மரையைச் சுத்தப்படுத்த, மரை வெட்டும் டேப்பைவிட, பக்கவாட்டில் கோடு அறுத்த ஒரு பழைய போல்ட்டே நல்லது. டேப் உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

டார்க் ரெஞ்ச் இருக்கும்போது ‘90 டிகிரி, மறுபடியும் 90 டிகிரி’ என்று எதற்குச் சுற்ற வேண்டும்?

டார்க் ரெஞ்ச் காட்டுவது நீங்கள் சுழற்றும் விசையை; போல்ட் இழுக்கும் விசையை அல்ல. சுழற்றும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு போல்ட்டின் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே தீர்ந்துவிடுகிறது. ஒரு போல்ட்டில் மரை கரடாகவும் இன்னொன்றில் வழுக்கலாகவும் இருந்தால், ஒரே டார்க்கில் இரண்டும் வெவ்வேறு பலத்தில் பிடிக்கும். மரையின் இடைவெளி மாறாதது என்பதால், குறைந்த டார்க்கில் எல்லாவற்றையும் சமமாக உட்கார வைத்துவிட்டு, பிறகு கோணக் கணக்கில் திருப்பினால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய சமமாக நீளும்.

வரிசை நடுவிலிருந்து வெளியே. ஒவ்வொரு சுற்றையும் எல்லா போல்ட்டுக்கும் முடித்த பிறகே அடுத்த சுற்று. போல்ட்டின் தலையில் வண்ணப் புள்ளி வைத்துக்கொண்டால், யாராவது அழைத்து நடுவில் எழுந்து போனாலும் எது முடிந்தது, எது மிச்சம் என்ற குழப்பம் வராது.

கேஸ்கெட்டில் சீலன்ட் தடவினால் கூடுதல் பாதுகாப்புதானே?

இல்லை, கையேடு குறிப்பிட்ட ஓரங்களைத் தவிர எங்கும் தடவக் கூடாது. பிதுங்கும் சீலன்ட், டர்போவுக்கும் கேமுக்கும் போகும் சிறிய ஆயில் வழிகளை அடைக்கும். டீசல் எஞ்சினில் தடிமன்தான் முக்கியம்: பிஸ்டன் உச்சியில் பிளாக்கின் பரப்புக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜால் அளந்து, அதற்கேற்ற கேஸ்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கேஸ்கெட்டின் ஓரத்தில் இருக்கும் துளைகள் அல்லது வெட்டுகளின் எண்ணிக்கை அதன் தடிமனைச் சொல்லும். பிஸ்டனும் பிளாக்கும் மாறவில்லை என்றால், பழையதில் இருந்த அதே எண்ணிக்கை.

வால்வுகளும் பிஸ்டன்களும் ஒத்து இயங்கும் டைமிங் சரியாக இருக்கிறதா என்று ஸ்டார்ட் செய்யாமலே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், தெரிந்துகொண்டே ஆக வேண்டும். குறிகளைப் பொருத்தி பெல்ட்டைப் பூட்டிய பின், கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் கேம் ஒரு சுற்று முடித்துக் குறிகள் மீண்டும் நேராக வர வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தட்டி நின்றால், அழுத்தாதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் இப்போதே மாற்றிவிடுவது மேல்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது டர்போவுக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்வது. நாள்கணக்கில் பிரித்து வைத்திருந்த டர்போவில் அந்தப் படலம் இருக்காது. ஆயில் குழாயைப் பூட்டும் முன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி, சக்கரத்தை விரலால் சில சுற்று சுற்றுங்கள். பிறகு எரிபொருளையும் பெட்ரோல் காரில் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். இன்ஜெக்டர்களைத் துண்டிக்காமல் இக்னிஷனை மட்டும் நிறுத்தினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும்.

எஞ்சின் பிடித்ததும் சில நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஆக்சிலேட்டரை உறுமவிட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வெள்ளையும் நீலமுமாகப் புகை கொட்டுகிறது. மறுபடியும் போய்விட்டதா?

பழைய கசிவில் சைலன்சருக்குள் தேங்கிய கூலன்ட் ஆவியாக வேண்டும். வேலையின்போது டர்போவிலும், அது தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் தங்கிய ஆயில் எரிந்து தீர வேண்டும். நன்றாகச் சூடேற்றி ஓட்டினால், அரை மணி முதல் ஒரு நாள் ஓட்டத்துக்குள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல், கூலன்டும் இறங்கிக்கொண்டே போனால், மூன்றாவது கேள்வியில் சொன்ன சோதனைகளுக்குத் திரும்புங்கள். நீலப் புகை மட்டும் நிற்கவில்லை என்றால், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் நெளிந்திருக்கிறதா, அதன் கேஸ்கெட் துளையை மறைக்கிறதா என்று பாருங்கள். ஆயில் இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டிக் கசியும்.

வெப்ப மீட்டரின் முள் திடீரென்று ஏறுகிறது, திடீரென்று இறங்குகிறது. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது.

உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, கூலன்ட் மெதுவாக நிரம்பும்படி ஊற்றுங்கள். மூடியையும் பாருங்கள்: 1 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி இருந்தால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும், பிடிக்காத மூடி இருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. டர்போ போய்விட்டதா?

பெரும்பாலும் ஏதோ ஒரு ஹோஸ் சரியாக ஏறவில்லை. காற்றுப் பாதையில் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டும். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் புகை கசிந்தாலும், டர்பைனைச் சுழற்ற வேண்டிய விசை வீணாகிப் பூஸ்ட் தாமதமாகும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் அந்த ஓசை மறைந்தால் அதுதான். பூஸ்ட் மிஞ்சாமல் புகையை டர்பைனைச் சுற்றித் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் மெல்லிய ஹோஸை மாற்றி மாட்டுவதும் சாதாரணமாக நடப்பது. அது கழன்றே இருந்தால் விளைவு நேரெதிர்: பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறி, புதிய கேஸ்கெட்டைத் தின்றுவிடும். முதல் ஓட்டத்துக்கு முன் இந்த ஒரு ஹோஸை மட்டுமாவது இரண்டாவது ஆளை வைத்துச் சரிபாருங்கள்.

போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டுமா? எப்போது மிதித்து ஓட்டலாம்?

நீண்டு இறுகும் போல்ட்டும் எஃகுத் தகடு கேஸ்கெட்டும் என்றால் மறுபடி தொடக் கூடாது. பழைய கூட்டுப்பொருள் கேஸ்கெட்டுக்கு, சில கையேடுகள் 1,000 முதல் 1,500 கி.மீ. ஓடியபின் மறு இறுக்கம் கேட்கின்றன. முதல் 500 கி.மீ.க்குப் பூஸ்டை அதிகம் ஏற்றாமல் ஓட்டி, பிறகு ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். முன்பு கூலன்ட் ஆயிலில் இறங்கியிருந்தால் 500 வரை காத்திருக்காமல், முதல் சூட்டிலேயே ஒருமுறை வடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் கையேட்டின்படி செய்தோம். ஆறு மாதத்தில் அதே சிலிண்டரில் மறுபடியும் கேஸ்கெட் எரிந்துவிட்டது. ஏன்?

‘அதே சிலிண்டர்’ என்பதே துப்பு. இடம் மாறி மாறிப் போனால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மின்விசிறி, அதிகப்படியான பூஸ்ட் என்று எஞ்சின் முழுவதையும் பாதிக்கும் காரணங்களைத் தேட வேண்டும். ஒரே இடம் என்றால், அந்த இடத்தில் பிளாக்கின் பரப்பு தாழ்ந்திருக்கிறதா என்று ஆறு கோடுகளில் பிளாக்கையும் அளக்க வேண்டும். ஹெட்டை ஆறு முறை அளப்பவர்கள் பிளாக்கை ஒருமுறைகூட அளப்பதில்லை. சிலிண்டருக்குள் செருகும் உறையான லைனர் போட்ட எஞ்சினில் அந்த லைனர் அமுங்கியிருக்கலாம். ஒரு போல்ட்டின் மரை பிளாக்கிலிருந்து மெல்ல இழுபட்டுக்கொண்டிருக்கலாம்.

இவை எதுவும் இல்லை என்றால் அந்தச் சிலிண்டருக்குள் நடக்கும் எரிதலைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெட்ரோல் டர்போவில், மூன்றாவது சிலிண்டரில் இரண்டு முறை கேஸ்கெட் எரிந்தது. ஹெட் நேர், பிளாக் நேர், பூஸ்ட் அளவோடு இருந்தது. இரண்டாவது முறை இறக்கியபோது மூன்றாவது பிஸ்டனின் தலை மட்டும் கரி இல்லாமல் சாம்பல் வெளுப்பாக இருந்தது. அந்த இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் ஏற்றினால், மற்ற மூன்றும் குடையாக விரித்துத் தெளிக்க, அது நூலாக ஒழுகியது. எரிபொருள் குறைந்து, சூடு மிஞ்சி, பூஸ்ட் ஏறும்போதெல்லாம் அந்தச் சிலிண்டர் மட்டும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் முறை கழற்றிய பிளக்குகள் அலமாரியில் ஒரு டப்பாவில் கிடந்தன. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று என்று எழுதியிருந்த பிளக்கின் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய அலுமினியப் புள்ளிகள் ஆறு மாதமாக அங்கேயே இருந்திருக்கின்றன.